புதன்கிழமைச் சாம்பிராணி

அப்பாவிடம் நான் இருபது வருடம் கெஞ்சினேன், கோபித்தேன், ஒரு முறை மூன்று நாள் பேசாமலும் இருந்தேன். சிகரெட்டை விடவில்லை. தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை கனடாவிலிருந்து போனில் ஒரு தடவை சொன்னான். விட்டுவிட்டார். இதை எழுதுகிற இந்த நேரத்திலும் எனக்கு வயிறு எரிகிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஏதோ பெருந்தன்மையான பெண் என்று பிறகு யாரும் ஏமாந்துபோகக் கூடாது.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடி. அப்பா அரசாங்கக் கந்தோரில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பம்பலப்பிட்டியில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். நான் கலியாணம் கட்டவில்லை. அதற்கான காரணம் இந்தக் கதையில் இல்லை. அம்மா போய்ப் பதினொரு வருடம். தம்பி கனடா போய்ப் பதினாலு வருடம். அம்மாவின் செத்தவீட்டுக்கு வந்து ஒரு கிழமை நின்றான், பிறகு வரவேயில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பான். அந்தப் போனுக்காக அப்பா சவரம் செய்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

அப்பாவின் புகை எங்கள் வீட்டில் இருபத்துநாலு மணி நேரமும் குடியிருந்தது. கடற்கரை வீடுகளில் இது இன்னும் மோசம். உப்புக் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து திரைச்சீலை, நுளம்புவலை, கதிரை மெத்தை என்று எல்லாவற்றிலும் ஏறி உட்கார்ந்துவிடும். வெளியாட்கள் கதவைத் திறந்ததும் முகத்தைச் சுளிப்பார்கள். எங்களுக்குத் தெரியாது. மூக்கு பழகிவிடும்.

எனக்குத் தெரியவந்தது அலுவலகத்து லிப்டில்தான். புதிதாக வந்த ஒரு பெரிய அதிகாரி என் பக்கத்தில் நின்றவர், மூக்கை உறிஞ்சி, என்னை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, அடுத்த மாடியிலேயே இறங்கிப் படியால் போனார். நான் குளித்து, காலையில் அயர்ன் பண்ணிய சேலை கட்டி, தலைக்குப் பூவும் வைத்திருந்தேன். ஒன்றும் விளங்காமல் நின்றேன். என்னோடு வேலை செய்யும் முஸ்லிம் தோழி ஒருத்தி அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் மெதுவாகச் சொன்னாள்.

“கோவிக்க வேணாம். உங்கட உடுப்புல சிகரெட் மணம் வருது. நீங்க குடிக்கிறல்லன்டு எனக்குத் தெரியும். மத்தாக்களுக்குத் தெரியுமா?”

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய் அப்பாவோடு ஒரு பாட்டம் சண்டை பிடித்தேன். என்னுடைய சேலைகளை மணந்து பார்க்கச் சொல்லி அவர் மடியில் போட்டேன். அவர் உண்மையாகவே மணந்து பார்த்தார். “எனக்கு ஒண்டும் மணக்கேல்லையே பிள்ளை” என்றார். அடுத்த நாளிலிருந்து நான் என் உடுப்புகளைப் பொலித்தீன் பைகளில் கட்டி வைக்கத் தொடங்கினேன். அவர் அதற்குப் பிறகும் விடவில்லை.

இங்கே வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. அம்மா இருந்த காலத்தில் அப்பா அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார், வெள்ளிக்கிழமைகளில் மட்டும் சிகரெட் தொடுவதில்லை என்று. அம்மா வெள்ளி பின்னேரம் விளக்கேற்றி, சிரட்டைக்கரி மூட்டி, சாம்பிராணிச் சட்டியோடு அறை அறையாகப் போவார். அப்பா அந்த நேரம் பார்த்துக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வார். சாம்பிராணிப் புகை வீடு நிறைந்து நிற்கும்போது அவருடைய புகையை யார் கண்டுபிடிப்பது? தம்பியும் நானும் கண்டுபிடித்தோம். குளியலறை ஜன்னல் எங்கள் படிக்கிற அறைப் பக்கம் இருந்தது. நாங்கள் அதற்கு ‘வெள்ளிக்கிழமைச் சிகரெட்’ என்று பேர் வைத்து, கொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அம்மாவுக்குச் சொல்லவில்லை. தன் புருஷன் வெள்ளிக்கிழமைகளில் குடிக்காத மனிதர் என்ற நம்பிக்கையோடே அவர் போய்ச் சேர்ந்தார்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. தம்பி குடும்பத்தோடு வருவதாகச் சொன்னான். மனைவியையும் நாலு வயது மகளையும் அப்பா அதுவரை போனில் மட்டுமே பார்த்திருந்தார். சந்தோஷத்தில் அவருக்குக் கதை தடுமாறியது. அப்போதுதான் தம்பி சொன்னான்.

“ஒரு விஷயம் அப்பா. பிள்ளைக்கு முட்டு வருத்தம், ஆஸ்துமா. சிகரெட் மணம் பட்டாலே இழுக்கத் தொடங்கிடும். அதால நாங்கள் ஹோட்டல்ல தங்கிறம், பகல்ல வந்து உங்களைப் பாக்கிறம். குறை நினையாதேங்கோ.”

“ஹோட்டலோ?” என்றார் அப்பா. “என்ர வீடு இருக்க நீங்கள் ஏன் ஹோட்டலுக்குப் போறியள்? நான் விடுறன். இண்டையோட விடுறன்.”

“எத்தினை தரம் அம்மாவுக்குச் சொல்லியிருப்பியள்” என்று தம்பி சிரித்தான். “சரி, பாப்பம். வீடு வந்து நாங்கள் மணந்து பாக்கிறம். மணந்தா ஹோட்டல்.”

போன் வைத்ததும் அப்பா சட்டைப் பையிலிருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். கேற்றடியில் நிற்கும் வாட்ச்மனிடம் கொடுத்துவிட்டு மேலே வந்தார். மூன்று மாடி ஏறிய மூச்சோடு என்னைப் பார்த்து, “அஞ்சு கிழமை இருக்கு. வீட்டுக்குள்ள மணம் போகுமோ பிள்ளை?” என்று கேட்டார்.

எனக்கு அந்தச் சாம்பல் கிண்ணத்தைத் தூக்கிச் சுவரில் அடிக்கவேண்டும் போலிருந்தது. “பாப்பம்” என்று மட்டும் சொன்னேன்.

அலுவலகத் தோழிதான் எனக்கு வழி சொல்லித் தந்தாள். அவளுடைய வாப்பாவும் ஒரு காலத்தில் சுருட்டுக் குடித்தவர். “ஸ்பிரே, ஊதுபத்தி ஒண்டும் வேணாம். மணத்த மணத்தால மூட ஏலா. கழுவித்தான் எடுக்கணும்” என்றாள். பெயின்ற் அடித்தால் போய்விடும் என்று நான் நினைத்துக் காலி வீதியில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்குப் போனேன். முதலாளி, வீட்டில் சிகரெட் குடிக்கிறவர் உண்டா என்று கேட்டுவிட்டு, “இஸ்ஸெல்லாம ஹோதன்ன ஓனே மிஸ்” என்று சிங்களத்தில் சொன்னார். முதலில் கழுவத்தான் வேண்டுமாம். கழுவாமல் அடித்தால் மஞ்சள் மூன்று மாதத்தில் பெயின்றுக்கு மேலால் வந்துவிடுமாம்.

கழுவினேன். சுடுதண்ணீரில் சவர்க்காரத் தூளும் வினிகரும் கலந்து, சுவரை மேலிருந்து கீழாகத் துடைத்தேன். வாளியில் பிழிந்த தண்ணீர் வெறுந்தேத்தண்ணி நிறத்தில் வந்தது. கலண்டரைக் கழற்றியபோது அதன் பின்னால் சுவர் வெள்ளையாக இருந்தது. எங்கள் வீட்டுச் சுவரின் உண்மையான நிறம் அதுதான் என்று அன்றைக்குத்தான் கண்டேன். விசிறித் தட்டுகளில் கறுப்புப் பிசின். பல்புகளில்கூடப் பிசின். திரைச்சீலைகளை வினிகர் தண்ணீரில் ஒரு பகல் ஊறவைத்து, பிறகு அப்பச்சோடா போட்டு இன்னொரு தரம் அலசி, மொட்டைமாடியில் வெயிலில் காயவிட்டேன். நுளம்புவலை மூன்று தோய்ப்புக்குப் பிறகுதான் மனிதர் படுக்கக்கூடிய பதத்துக்கு வந்தது. கதிரை மெத்தைகளில் அப்பச்சோடாவைத் தூவி ஒரு நாள் விட்டுத் தூரிகையால் தட்டினேன். இரண்டு தரம் செய்தும் போகாததால் உள்ளே இருந்த ஸ்பொஞ்சை எறிந்துவிட்டுப் புதிது போட்டேன். ஒவ்வொரு அறையிலும் கட்டிலுக்குக் கீழே ஒரு கிண்ணத்தில் கரி, ஒரு கிண்ணத்தில் வினிகர். அலுவலகம் விட்டு வந்து செய்தேன், சனி ஞாயிறில் செய்தேன். முழங்கைத் தோல் உரிந்தது.

கை துடைத்துக்கொண்டிருக்க, மனம் ஒரே ஒரு கணக்கைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டது. இருபது வருடம் இந்தப் புகைக்குள் இருந்தவள் நான். என் சேலை மணந்தபோது இந்தச் சுவரை யாரும் கழுவவில்லை. இரண்டு கிழமை தங்க வருகிறவனுடைய மூக்குக்காகக் கழுவுகிறோம், அதையும் நான் கழுவுகிறேன்.

அப்பா உண்மையாகவே விட்டார் என்பதை நான் சொல்லியே ஆகவேண்டும். அவர் பட்ட பாடு எனக்கு மட்டும்தான் தெரியும். வாயில் கராம்பைப் போட்டுச் சப்பிக்கொண்டே இருந்தார். பேனையை எடுத்து டிக் டிக் என்று அழுத்திக்கொண்டு பல்கனிக்கும் ஹோலுக்கும் நடந்தார். தேத்தண்ணி குடித்து முடித்ததும் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். வெறும் பையைத் தடவிவிட்டுத் திரும்பும். ஒரு நாள் சோற்றில் உப்புக் கூட என்று என்னோடு கத்தினார். அடுத்த நாள் உப்பில்லை என்று கத்தினார். இரண்டாம் கிழமை காய்ச்சல்காரன் போல வியர்த்துப்போய்ப் படுத்திருந்தார், ஆனாலும் கீழே இறங்கவில்லை. அவர் துடிக்கத் துடிக்க எனக்கு இரக்கம் வந்திருக்கவேண்டும். வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. அதற்கு மேலால் பொறாமை வந்தது. இவ்வளவும் தாங்கக்கூடிய மனிதர்தான் இவர், எனக்காகத் தாங்கவில்லை.

நாலாம் கிழமை தோழி வந்து வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். “மாஷா அல்லாஹ்! ஒண்டுமே இல்ல” என்றாள். அப்பா அவளுக்குத் தன் கையாலேயே தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்.

தம்பி வந்து இறங்கியது ஒரு புதன்கிழமை. நான் லீவு போட்டிருந்தேன். தம்பி வாகனம் ஒழுங்கு செய்திருந்ததால் விமான நிலையத்துக்கு நாங்கள் போகவில்லை. அப்பா விடிய எழும்பிக் குளித்து, புதுச் சட்டை போட்டு, திருநீறு பூசி, ஹோலில் நடந்துகொண்டிருந்தார். பத்து மணிபோல என்னிடம் வந்தார்.

“வீடு ஆஸ்பத்திரி மாதிரிக் கிடக்கு பிள்ளை. வினிகர் மணம். என்ர பேத்தி முதல்முதலா வீட்டுக்கு வருது. சாம்பிராணி கொஞ்சம் போடட்டே?”

நான் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தி நின்றது. முட்டு வருத்தமுள்ள பிள்ளைக்குச் சிகரெட் புகையென்ன, சாம்பிராணிப் புகையென்ன என்று எனக்குத் தெரியும். அதைவிட முக்கியமாக, சாம்பிராணி மணந்தால் தம்பிக்கு என்ன ஞாபகம் வரும் என்றும் தெரியும். அப்பாவுக்கு இரண்டும் தெரியாது. வெள்ளிக்கிழமைச் சிகரெட் தனக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்றுதான் அவர் இன்னும் நினைத்துக்கொண்டிருந்தார்.

வேண்டாம் அப்பா என்று இரண்டு சொல். சொல்லியிருக்கலாம்.

“உங்கட விருப்பம்” என்றேன். “சிரட்டைக்கரி சிங்க்குக்குக் கீழ, சிவத்த டின்னில இருக்கு.”

கரி இருக்கிற இடத்தைக்கூடச் சொல்லிக் கொடுத்தேன். தெரியாமல் நடந்தது என்று என்னால் இனிச் சொல்ல முடியாது.

அவர் அம்மாவின் சட்டியைத் தேடி எடுத்து, கரி மூட்டி, ஹோலுக்கும் அவர்களுக்கென்று ஒதுக்கிய அறைக்கும் பொறுமையாகப் புகை காட்டினார். வருகிறவர்களுக்குத்தானே என்று தன் அறைக்குள் கொண்டுபோகவில்லை. அந்த அறைக் கதவைச் சாத்தியும் விட்டார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். நான் கத்தரிக்காயை வெட்டி முடித்தேன்.

அரை மணி நேரத்தில் வாசலில் ஆட்கள். தம்பி உள்ளே கால் வைத்தான். அப்பா கையை விரித்துக்கொண்டு போனார். தம்பி மூச்சை இழுத்தான். நின்றான். சுற்றும் முற்றும் பார்த்தான், ஹோல் மூலையில் இன்னும் புகைந்துகொண்டிருந்த சட்டியைக் கண்டான். முகம் அப்படியே மாறியது.

“இண்டைக்கு வெள்ளிக்கிழமை இல்லையே அப்பா” என்றான்.

அப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. தன் பிள்ளைகளுக்கு இத்தனை வருடமும் தெரிந்திருக்கிறது என்பது அந்த ஒரு நிமிடத்தில்தான் அவருக்குத் தெரிந்தது. விரித்த கை மெல்லக் கீழே இறங்கியது. “இல்லையடா தம்பி” என்று தொடங்கி, மேலே சொல்லாமல், என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஐந்து கிழமை. கராம்பு, பேனை, வியர்வை, காய்ச்சல். எல்லாவற்றையும் பார்த்தவள் நான் ஒருத்தி. அப்பா உண்மையாக விட்டுவிட்டார் தம்பி, நான் சாட்சி என்று சொல்ல ஒரு வாய்தான் தேவை. அந்த வாயால் நான் சொன்னது, “மச்சாள், வாங்கோ, இருங்கோ. தண்ணி கொண்டு வாறன்” என்பது. சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன்.

குழந்தை இருமத் தொடங்கிவிட்டது. தம்பியின் மனைவி, என் மச்சாள், நல்ல பெண். குழந்தைக்கு இன்ஹேலரை அடித்து, முதுகைத் தடவிக்கொண்டு, “மாமா, குறை நினைக்காதீங்கோ. பிள்ளைக்கு ஏலாமல் கிடக்கு. நாளைக்கு வாறம்” என்றாள். தம்பி அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் பெட்டிகளைத் திரும்பவும் தூக்கினான். என்னிடம் மட்டும், “நீங்களாவது போன்ல உண்மையைச் சொல்லியிருக்கலாம் அக்கா” என்றான். கொள்ளுப்பிட்டியில் ஒரு ஹோட்டலுக்குப் போனார்கள். சமைத்ததெல்லாம் சட்டியோடு கிடந்தது.

நான் நினைத்தது நடந்துவிட்டது. தம்பி எங்கள் வீட்டில் தங்கவில்லை. ஆனால் வயிற்றெரிச்சல் குறைந்தபாடில்லை. அதற்குள் இன்னொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது.

பின்னேரம் அப்பா பல்கனியில் இருந்தார். கீழே ஒழுங்கையில் பெட்டிக்கடை இருக்கிறது. இறங்கிப் போனால் ஐந்து நிமிடத்தில் வாங்கலாம். போகவில்லை. எனக்குப் பொறுக்க முடியவில்லை.

“விட்டிட்டன் எண்டு நீங்கள் ஏன் அவனுக்குச் சொல்லேல்லை?”

“நீ சொல்லுவாய் எண்டு பாத்தனான்” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். இருபது வருடக் கோபம் விடவில்லை. “நான் எத்தினை வருசம் கேட்டனான் அப்பா? என்ர உடுப்பு மணக்குது, ஆக்கள் என்னை ஒரு மாதிரிப் பாக்கினம் எண்டு அழுதுகூடச் சொன்னனான். விட்டனீங்களோ? அவன் ஒருக்காச் சொன்னான்.”

கடற்கரைத் தண்டவாளத்தில் மருதானைப் பக்கம் போகிற ரெயில் ஒன்று கத்திக்கொண்டு போனது. அது போய் முடியுமட்டும் பொறுத்திருந்துவிட்டுச் சொன்னார்.

“நீ எப்பிடியும் இருப்பாய் பிள்ளை. மணந்தாலும் இருப்பாய். அவன் போயிடுவான்.”

இதைவிட உண்மையான ஒன்றை என் அப்பா எனக்குச் சொன்னதில்லை. இதைவிட வலித்த ஒன்றையும் சொன்னதில்லை. நான் எழும்பி உள்ளே போய், சாம்பிராணிச் சட்டியை எடுத்துக் கரியைத் தண்ணீரில் கொட்டினேன். ஹோல் ஜன்னல்களை எல்லாம் திறந்தேன்.

அடுத்த நாள் காலையில் அவர் பேப்பர் வாங்கக் கீழே போனபோது நான் அவருடைய அறைக்குள் போனேன். கட்டிலில் புதிதாக வாங்கிய தலையணை. நீலக்கோடு போட்ட பழைய உறை. நான் தோய்த்துப் போட்டு ஒன்பது நாள். அவசரத்தில் மாற்ற மறந்திருந்தேன். எடுத்து முகத்தில் வைத்து மணந்தேன். இருபது வருடம் அவருடைய உறைகளைத் தோய்த்தவளுக்குத் தெரியும், எவ்வளவு தோய்த்தாலும் இரண்டாம் நாள் காலையில் அதில் சிகரெட் ஏறியிருக்கும். தலைமயிரிலும் மூச்சிலும் இருப்பது தலையணைக்குப் போகாமல் எங்கே போகும்? இந்த உறையில் தேங்காயெண்ணெய் இருந்தது. கொஞ்சம் திருநீறு. ஒரு வயதான மனிதரின் மணம். வேறொன்றும் இல்லை.

தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காலி வீதிக்குப் போய் ஓட்டோவை மறித்தேன். “இஸ்பிரிதாலெடத மிஸ்?” என்று டிரைவர் இரக்கமாகக் கேட்டார். ஆஸ்பத்திரியில் படுக்கப் போகிறவர்தானே இந்த ஊரில் தலையணையோடு ஓட்டோ ஏறுவார். நான் ஹோட்டல் பேரைச் சொன்னதும் கண்ணாடியில் என்னை இரண்டு தரம் பார்த்தார்.

ஹோட்டல் வாசலில் நின்ற வெள்ளை யூனிபோர்ம் ஆளும் பார்த்தார். நான் யாரையும் பார்க்கவில்லை. தம்பி லிப்டிலிருந்து வெளியே வந்ததும் தலையணையை அவன் நெஞ்சோடு அழுத்தினேன்.

“மணந்து பார்.”

“என்ன அக்கா இது? எல்லாரும் பாக்கினம்.”

“பாக்கட்டும். ஒன்பது நாள் அப்பா தலை வைச்சுப் படுத்த உறை. தோய்க்கேல்லை. மணந்து பார்.”

அவன் சும்மா ஒப்புக்கு மூக்கைக் கிட்டக் கொண்டுபோனான். பிறகு நின்றான். பிறகு முகம் முழுவதையும் அதற்குள் புதைத்தான். அந்தப் பெரிய ஹோலின் நடுவில், உடம்பு பெருத்த, தலை நரைக்கத் தொடங்கிய என் தம்பி, தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு கன நேரம் நின்றான்.

“நீ போன் கதைச்ச அண்டைக்கே விட்டவர்” என்றேன். “ஒண்டுகூடக் குடிக்கேல்லை. நேற்றைக்கு உனக்கு மணந்தது சாம்பிராணி மட்டுந்தான். போடட்டோ எண்டு என்னைக் கேட்டவர். நீ என்ன நினைப்பாய் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் போடவிட்டனான். கரி இருக்கிற இடத்தையும் நான்தான் சொன்னனான்.”

“ஏன் அக்கா?”

“பொறாமை” என்றேன். வாய்விட்டுச் சொன்னபோது அது ஒரு சின்னச் சொல்லாகத்தான் இருந்தது. “நான் கேட்டு விடேல்லை. நீ கேட்டு விட்டவர்.”

அவன் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். திட்டவில்லை. தலையணையைக் கீழே வைக்காமல், “சாம்பிராணி மணம் போக எத்தினை நாள் செல்லும்?” என்று கேட்டான்.

“ரெண்டு நாள். நான் எடுக்கிறன்.”

எடுத்தேன். திரைச்சீலைகளைத் திரும்பவும் கழற்றித் தோய்த்தேன். வினிகர்க் கிண்ணங்களைத் திரும்பவும் வைத்தேன். இந்த முறை அப்பாவும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு எட்டும் உயரத்துக்குச் சுவரைத் துடைத்தார். நான் ஹோட்டலுக்குப் போய்வந்த விஷயத்தைச் சொன்னேன். “தலகாணியோடயோ போனனீ?” என்று கேட்டுவிட்டு, வாளியில் துணியைப் பிழிந்துகொண்டே சிரித்தார். வெள்ளிக்கிழமைச் சிகரெட்டைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நாங்களும் கதைக்கவில்லை.

சனிக்கிழமை வந்தார்கள். குழந்தை இருமவில்லை. பதினொரு நாள் தங்கினார்கள். அப்பா பேத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார், வடை வாங்கிக் கொடுத்தார், ‘அப்பப்பா’ என்று அவள் கூப்பிடும்போதெல்லாம் இரண்டு தரம் ‘ஓம், ஓம்’ என்று குரல் கொடுத்தார். எனக்கு எரியாத நாள் ஒன்று இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அவர்களுக்கு இடியப்பமும் சொதியும் நான்தான் செய்தேன், மனதாரத்தான் செய்தேன்.

தம்பி தலையணையைத் திருப்பிக் கொண்டுவந்தபோது உறை இல்லாமல் வெறுமனே இருந்தது. கேட்டதற்கு, “ஹோட்டல்ல தவறிட்டுது போல அக்கா” என்றான். நான் வேறு உறை போட்டேன். அவர்கள் போகிற நாள், அவனுடைய பெட்டி மூடாமல் முட்டிக்கொண்டு நின்றது; மிளகாய்த்தூள் பொட்டலத்துக்கு இடம் பார்க்க நான் சட்டைகளைத் தூக்கினேன். அடியில், நீலக்கோட்டு உறை. நாலாக மடித்து, காற்றுப் போகாத ஒரு ஸிப் பைக்குள் போட்டு, அமுக்கி மூடியிருந்தான். நான் இந்த வீட்டிலிருந்து மணத்தை வெளியே துரத்தப் பட்ட பாடு எவ்வளவு. இவன் ஒரு மணத்தை வெளியே போகாமல் அடைத்துக் கொண்டுபோகிறான். சட்டைகளை இருந்தபடியே வைத்துப் பெட்டியை மூடினேன். மிளகாய்த்தூளை மச்சாளின் பெட்டிக்குள் வைத்தேன்.

அடுத்த நாள் அலுவலகம் விட்டு வந்து கதவைத் திறந்து, வழக்கப்படி வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். இனி அப்பா யாருக்காகச் சிகரெட் குடிக்காமல் இருக்கவேண்டும் என்று நாள் முழுக்க யோசித்துக்கொண்டுதான் வந்தேன். ஒன்றும் மணக்கவில்லை. இன்று வரை மணக்கவில்லை.

அப்பா தன் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். புது உறை அவருக்குப் பிடிக்கவில்லை, கழுத்தில் உறுத்துகிறதாம். “அந்த நீலக்கோட்டு உறை எங்க பிள்ளை?” என்று கேட்டார்.

பொய் சொல்ல நினைத்தேன். நினைத்துவிட்டு, “தம்பி கொண்டு போயிட்டான்” என்றேன். “உங்கட மணம் போகக் கூடாதெண்டு பையில போட்டு மூடிக் கொண்டு போனவன்.”

அவருடைய முகம் மலர்ந்ததை என்ன சொல்ல! இத்தனை வருடத்தில் நான் எதைக் கொண்டுவந்து கொடுத்தும் அந்த முகம் அப்படி மலர்ந்ததில்லை. “மெய்யாவோ? என்ர உறையையோ?” என்றார். “கொண்டு போயிட்டானோ?” என்று இன்னொரு தரம் கேட்டார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், வெறும் பையைத் தடவிவிட்டு, அங்கேயே நின்றது.

“அதைத் தோய்ச்சது நான்” என்றேன்.

அவர் காதில் விழவில்லை.